அப்பா கிடாருக்குப் பெண்டு எடுத்த கதை

நம் வயதுக்காரர்களுக்குப் பெண்டு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. சைக்கிள் சக்கரத்தில் பெண்டு விழும். குடைக்கம்பியில் விழும். கணக்கு வாத்தியாரிடம் சிக்கினால் நமக்கே பெண்டு எடுத்துவிடுவார். இதை என் பேத்தியிடம் சொன்னேன், அவளுக்குப் புரியவே இல்லை. அவர்கள் வீட்டில் எதுவும் வளைவதில்லை. ஒன்று நன்றாக இருக்கிறது, இல்லாவிட்டால் அட்டைப்பெட்டியில் புதிதாக வந்து இறங்குகிறது. கொடுத்துவைத்தவர்கள், இருக்கட்டும்.

எங்கள் வீட்டுச் சோறு பெண்டில்தான் வெந்தது. அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை. பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஆளுயரச் சம்மட்டி இயந்திரங்கள் அடித்து வண்டிகளுக்கான ஷாஃப்ட் ஆக்கும். அடிபட்டு வருவது கொஞ்சம் வளைந்துதான் வரும். அதை அழுத்தி நேராக்கி, நேராகிவிட்டதா என்று பார்த்து அனுப்புவது அப்பா பொறுப்பு. பார்ப்பதற்கு அவரிடம் கனமான ஓர் இரும்பு ஸ்கேல் இருந்தது. ஷாஃப்டின் மேல் அதை விளிம்பில் நிறுத்தி, பின்பக்கம் விளக்கைப் பிடித்து, இடுக்கில் வெளிச்சம் கசிகிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கசிந்தால் பெண்டு இருக்கிறது. கசியாவிட்டால் பாஸ். நடுவில் வேறு பேச்சே கிடையாது.

சாயங்காலம் ஸ்கேலும் பையில் அவரோடு வரும், வீட்டிலும் அந்தக் கண் மூடாது. கட்டில் சட்டம், கதவு நிலை, காலண்டர் மாட்டிய ஆணி எல்லாவற்றையும் அளந்துகொண்டே இருப்பார். என் தலையில் வகிடு கொஞ்சம் கோணினால் போதும், "அவுத்துட்டு மறுபடி பின்னு" என்று அம்மாவுக்கு உத்தரவு போகும். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் காலை உதைத்துக்கொண்டு அழுவேன். அழுதாலும் வகிடு நேராகத்தான் போகும்.

நாங்கள் அப்போது ஆவடியில் பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் குடியிருந்தோம். கூடம் ஒன்று, அறை ஒன்று, சமையலுக்கு ஒரு பொந்து. மேலே காங்கிரீட் தளம் மொட்டையாக வெயில் வாங்கும். இன்று அந்த ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டு, நம்மைப் போன்றவர்கள் சர்க்கரையைக் குறைக்க நடக்கிறோம். அன்று ஆகாயத்தாமரை நாற்றமும் எருமைகளும்தான். அப்பா காலையில் ஸ்டேஷனுக்கு சைக்கிள் மிதித்து, ரயில் ஏறிப் போய், சாயங்காலம் இரும்புத் தூள் வாசனையோடு திரும்புவார். வந்ததும் ரேடியோவைத் தெருமுனைக்குக் கேட்கும்படி வைப்பார். அம்மா காதைப் பொத்திக்கொள்வாள். கூப்பிட்டால் அவர் உடனே திரும்ப மாட்டார். குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருக்கும், அதன் எதிரிலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பார், அடுப்பை அணைக்க மாட்டார். அம்மா குளித்துவிட்டு ஓடி வருவதற்குள் பருப்பு தீய்ந்திருக்கும். "கல்லு மனுஷன். எது எக்கேடு கெட்டா எனக்கென்னன்னு உக்காந்துகினு கீறாரு" என்பாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அப்பா என்றால் அழுத்தக்காரர். அது எங்கள் வீட்டில் முடிந்துபோன விஷயம்.

அண்ணன் அந்த வருடம் பாலிடெக்னிக் முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். சும்மா என்பது அப்பா கணக்கு. அண்ணனைக் கேட்டால், ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸ் கிடார் வாசிக்கிறேன் என்பான். கல்யாண வீடு, கோயில் திருவிழா, கட்சி மேடை என்று போய்க்கொண்டிருந்த ஒரு மெல்லிசைக் குழுவில், வழக்கமாக வாசிக்கிறவர் வராத நாட்களில் இவனைக் கூப்பிடுவார்கள். பேஸ் கிடாரில் தடித்த கம்பிகள் நாலுதான். பாட்டைக் கேட்கிற யாரும் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் அது நின்றுவிட்டால் பாட்டுக்குக் கால் இல்லாததுபோல ஆகிவிடும். துபாய்க்கு வேலைக்குப் போன அண்ணனுடைய சிநேகிதன் ஒருவன் தன் கிடாரை இவனுக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தான். கறுஞ்சிவப்பு நிறம், தலைப்பக்கம் சிகரெட் சுட்ட வடு ஒன்று. பழைய மெத்தையின் கோடு போட்ட துணியை வெட்டி அம்மா அதற்கு உறை தைத்திருந்தாள். அந்த உறைக்குள் அது எங்கள் வீட்டில் தூங்கும் இன்னொரு பிள்ளை மாதிரி சுவரோரம் படுத்திருக்கும்.

பங்குனி முடிகிற சமயம். அப்பாவின் கம்பெனி ஃபோர்மேன் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தார். தொழிலாளி பிள்ளைகளை வேலைக்கு எடுக்கும்போது அண்ணன் பெயரைச் சொல்லவேண்டியவர் அவர்தான். அப்பா காலையிலிருந்தே பரபரப்பாக இருந்தார். "அந்தச் சனியன் அவர் கண்ணுல படக் கூடாது. பையன் கூத்தாடின்னு நெனச்சுக்குவாரு" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணில் பித்தளை அண்டாவுக்குப் பின்னால் கிடாரைச் சொருகிவைத்தாள். ஃபோர்மேன் வந்தார், கேசரி சாப்பிட்டார், பார்க்கலாம் என்றார், போனார்.

அன்றைக்கே அண்ணன் அதை இறக்கியிருப்பான். ஆனால் மறுநாள் அவனுக்குக் காய்ச்சல். கண் மஞ்சளாகி, மஞ்சள் காமாலை என்றார்கள். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்து, உப்பில்லாச் சோறு போட்டு, கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று அம்மா காவல் இருந்தாள். வெளியே கத்திரி வெயில். தளம் கொதித்தது. ராத்திரியிலும் பரணில் கை வைத்தால் சுடும். கம்பிகளை முறுக்கிக் கட்டியது கட்டியபடி கிடார் அங்கேயே கிடந்தது.

அண்ணன் தேறி உட்கார ஆரம்பித்தபோது ஆர்க்கெஸ்ட்ராவின் மாஸ்டர் பார்க்க வந்தார். அவர்தான் குழுவை நடத்துகிறவர், ஆர்மோனியமும் அவரே. சாத்துக்குடிப் பையைக் கட்டிலில் வைத்துவிட்டு, "இன்னா மச்சான், மஞ்சத் தண்ணி ஊத்துன ஆடு மாதிரி கீறே" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பூந்தமல்லிப் பக்கம் தீமிதித் திருவிழா மேடை நம்மள்து. பழைய பேஸுக்காரன் வேலையா பெங்களூர் போயிட்டான், திரும்பி வர மாட்டான். நீதான் வாசிக்கிறே. நல்லா போச்சுன்னு வெச்சுக்கோ, அன்னிலேர்ந்து நீதான் நம்ம ஆளு, பெர்மனெண்ட்டு. சொதப்பினேன்னா அயனாவரத்துல ஒருத்தன் ரெடியா கீறான். அப்பறம் என்னைத் திட்டக் கூடாது, சொல்ட்டேன்."

அண்ணன் முகத்தில் அன்றைக்குத்தான் ரத்தம் திரும்பியது. அவர் போனதும் அம்மாவிடம் பரணிலிருந்து இறக்கச் சொன்னான். உறையைப் பிரித்தான். மடியில் வைத்து ஒரு கம்பியை அழுத்தினான். அழுந்தவில்லை. கழுத்துப் பலகைக்கும் கம்பிக்கும் நடுவில் என் சுண்டுவிரல் போகிற அளவுக்கு இடைவெளி இருந்தது. அடுப்பு மாதிரி சுட்ட பரணில், கம்பிகள் இழுத்த இழுப்பில், கழுத்து முன்பக்கமாக வில்போல வளைந்துவிட்டது. அண்ணன் அதைத் தடவிக்கொண்டே இருந்தான். அப்புறம் அழுதான். மீசை வைத்த பையன் அழுவதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

பட்டணத்துக்கு பஸ் ஏறிப்போய் ஒரு வாத்தியக் கடையில் காட்டினான். ஒரு மாதம் விட்டுவிட்டுப் போ, அதற்கும் உத்தரவாதம் கிடையாது என்றார்களாம். திருவிழா அடுத்த வாரம். யாரிடமும் கேட்டு வாங்கவும் வழியில்லை. அப்போதெல்லாம் நம் பக்கத்தில் பேஸ் கிடார் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

"நான்தான்டா மேல வெச்சேன், கொள்ளி வெச்ச மாதிரி" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நீ இன்னாம்மா பண்ணுவே. வெக்கச் சொன்னது யாரு?" என்றான் அண்ணன். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பாவுக்குக் கேட்கட்டும் என்றுதான் சொன்னான். அப்பா தலையை நிமிர்த்தவில்லை. பக்கத்தைத் திருப்பினார்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். வழியில் கட்டில்மேல் கிடார் கிடந்தது. அவர் அதை அதுவரை தொட்டதே இல்லை. என்ன தோன்றியதோ, குனிந்து எடுத்தார். துப்பாக்கியைத் தூக்குவதுபோல் கண்ணருகே தூக்கி, ஒரு கண்ணை மூடி, கழுத்து நெடுகப் பார்த்தார்.

"டேய், இதுல பெண்டு விழுந்துகீதுடா" என்றார்.

அண்ணன் சுவரைப் பார்த்தபடி இருந்தான்.

"அழுவாதடா. எடுத்துடலாம். இது இரும்புகூட இல்ல, மரம்தானே."

அண்ணன் திரும்பிய வேகம் இருக்கிறதே, அதை என்னால் மறக்க முடியாது. அப்பா மறுநாள் வேலைக்குப் போகவில்லை. அம்மாவுக்குப் பிரசவமானபோதுகூட ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்தவர், மகனுடைய கிடாருக்காக இரண்டு நாள் லீவு போட்டார். அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. "மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா" என்று சமையல் பொந்திலிருந்து எனக்குக் கையைக் காட்டிச் சிரித்தாள்.

கூடத்தில் பாய் விரித்தார்கள். அப்பா கம்பிகளைக் கழற்றி வரிசையாகச் சுருட்டி வைத்தார். முன்பெப்போதோ கம்பெனியிலிருந்து ரயிலில் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஓர் இரும்புச் சட்டத்தோடு கழுத்தைச் சேர்த்து, நடுவில் மர ஆப்புகளைக் கொடுத்து, திருகுப்பிடிகளால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். கரி இஸ்திரிப் பெட்டியில் கங்கு போட்டு, ஈரத்துண்டை மரத்தின்மேல் விரித்து, அதன்மேல் தேய்த்தார். ஆவி எழுந்தது. பழைய மரமும் வார்னீஷும் சூடாகி ஒரு வாசனை வரும், சந்தனமும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல. எனக்கு மயக்கமாக இருந்தாலும் அங்கிருந்து நகர மாட்டேன். அண்ணன் துண்டை நனைத்துப் பிழிந்து கொடுப்பான். அப்பா "போதும்" "இன்னும்" என்று தலையை ஆட்டுவார். ஆறவிட்டு, அவிழ்த்து, பார்த்து, மறுபடி கட்டுவார்கள். இரண்டு பேர் முதுகும் வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் இருவரும் ஒரே வேலைமேல் குனிந்து நான் பார்த்தது அந்த இரண்டு நாள்தான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் அப்படி ஒரு நாள் வந்தால் சாதாரண ரசம்கூட ருசிக்கும்.

கிடாரின் தலையில் ஒரு சின்னத் தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு திருகு இருக்கிறது என்று அண்ணன் காட்டினான். கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, திருகை முடுக்கினால் கழுத்து பின்னால் வரும். அப்பா முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, உள்ள இரும்புதான் கீது" என்றார்.

மறுபடி கம்பி கட்டி, ஸ்கேலைக் கம்பிகளுக்கு நடுவில் கழுத்துப் பலகைமேல் நிறுத்தி, ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "தோ பார், மயிரிழை வெளிச்சம் தெரியுது."

அண்ணன் தயங்கினான். துபாய் போன சிநேகிதன் எப்போதோ சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது. தடித்த கம்பி அகலமாக அதிரும், அது அதிரக் கழுத்தின் நடுவில் துளி பள்ளம் வேண்டும். அதை அப்பாவிடம் சொல்ல அவனுக்கு வாய் எழவில்லை. இரண்டு நாளாக அவர் கூடவே உட்கார்ந்த மரியாதை ஒன்று குறுக்கே நின்றிருக்கும். பாயைப் பார்த்துக்கொண்டு முனகினான்: "துளி பள்ளம் இருக்கணும்ப்பா. அப்படியே விட்டுடலாம்."

அப்பா கண் ஸ்கேலின் மேலேயே இருந்தது. திருகைப் பிடித்து முடுக்கினார். பார்த்தார். இன்னும் முடுக்கினார். அண்ணன் என்னைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். இவர் யார் பேச்சைக் கேட்டிருக்கிறார் என்பது அதற்கு அர்த்தம். கடைசியில் ஸ்கேலுக்குக் கீழே ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அப்பா கிடாரை அண்ணன் மடியில் வைத்து, "பாஸ்" என்றார். ஷாஃப்டுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் அதை ஒருமுறை தடவிக்கொடுத்தார், நான் பார்த்தேன்.

மறுநாளே திருவிழா. காலையில் மாஸ்டர் வீட்டிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியை வாங்கிவந்து அண்ணன் வாசித்துப் பார்த்தான். முதல் கம்பியிலேயே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு சுரத்துக்கும் பின்னால் கம்பி கழுத்தில் பதித்த உலோகக் கட்டைகளில் உரசி, தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்டதுபோல ஜிர்ரென்று இரைந்தது. எந்த இடத்தில் அழுத்தினாலும் அந்த இரைச்சல். எனக்குப் பல் கூசியது. அம்மா கரண்டியோடு வந்து நின்றாள்.

அப்பா ஸ்பீக்கர் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நல்லாத்தானே கீது! தம்மு தம்முன்னு நெஞ்சுல அடிக்குதே!" என்றார்.

"அப்பா, இந்த இரைச்சல் உனக்குக் கேக்கலியா?"

"எந்த எரைச்சல்? எனக்கு ஒண்ணும் கேக்கலியேடா."

அண்ணன் எழுந்தான். "கேக்காது. உனக்கு எப்பத்தான் கேட்டிருக்குது? அன்னிக்கே சொன்னேன், துளி பள்ளம் வேணும்னு. கேட்டியா? வேணும்னே முடுக்கினே. இது ஒழிஞ்சா நான் சம்மட்டி ஷாப்புக்கு வந்துடுவேன்னு தெரியும் உனக்கு. அதுக்குத்தான் லீவு போட்டுக்கினு உக்காந்தே."

அப்பா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்ப்பது எனக்கு அப்போது முறைப்பதாகப் பட்டது. "நேராத்தானேடா கீது. வேணும்னா ஸ்கேலு வெச்சுப் பாரு" என்றார். சொல்லிவிட்டு ஸ்கேலை எடுத்து நீட்டவும் செய்தார். அண்ணன் அதைத் தட்டிவிட்டு, கிடாரை உறையில்கூடப் போடாமல், திருகைத் தளர்த்தும் சாவியையும் எடுக்காமல் தூக்கிக்கொண்டு போனான். ஸ்கேல் தரையில் விழுந்து அதிர்ந்தது.

சாயங்காலம் அம்மாவும் நானும் திருவிழாவுக்குப் போனோம். அப்பா வருகிறேன் என்று சொல்லவில்லை, ஆனால் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னாலேயே கிளம்பியிருந்தார். வெளிச்சம் மங்குவதற்கு முன்பே கச்சேரி ஆரம்பித்துவிட்டது. கூட்டத்துக்குச் சாமி பாட்டு இரண்டு, பிறகு சினிமாப் பாட்டு. மேடையின் ஓரத்தில் அண்ணன் நின்றான். பெரிய ஸ்பீக்கரில் அந்த இரைச்சலும் பெரிதாகிவிட்டது. முதல் பாட்டில் மாஸ்டர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். இரண்டாவது பாட்டில் தபேலாக்காரர் முகத்தைச் சுளித்தார். முன்வரிசைப் பையன்கள் "அண்ணாத்தே, ரேடியோ சரியா புடிக்கல" என்று கத்தினார்கள். கூட்டம் சிரித்தது. அண்ணன் இரைச்சலைக் குறைக்க மெதுவாக வாசித்தான். அப்போது பாட்டுக்கே தெம்பு போய்விட்டது.

மேடைக்குப் பக்கவாட்டில், எல்லாரும் ஒதுங்கி நிற்கிற அந்தப் பெரிய ஸ்பீக்கரின் எதிரிலேயே அப்பா நின்றார். கண்ணை மூடியிருந்தார். தலை ஆடியது. கை தொடையில் தாளம் போட்டது. எங்கள் அப்பா பாட்டுக்குத் தாளம் போட்டு நான் பார்த்ததில்லை. பிறகு கண்ணைத் திறந்து மேடையைப் பார்த்துச் சிரித்தார், வாய் நிறைய. சரியாக அந்த நேரம் மாஸ்டர் கையைக் காட்ட, அயனாவரத்து ஆள் மேடையேறி அண்ணன் தோளைத் தொட்டான். அண்ணன் நிமிர்ந்தபோது அவன் கண்ணில் பட்டது அப்பாவின் சிரிப்புதான்.

அம்மா என் கையை நசுக்கிப் பிடித்தாள். "பாவி மனுஷன், இதுக்குச் சிரிக்கணுமா" என்றாள். நானும் அந்த நிமிடம் அப்பாவை வெறுத்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது.

அயனாவரத்து ஆள் தன் வாத்தியத்தைக்கூடக் கொண்டுவந்திருக்கவில்லை. அண்ணனுடையதையே வாங்கி, மேடை ஓரத்தில் உட்கார்ந்து, பையில் இருந்த ஒரு சாவியால் அந்தத் திருகைப் பின்பக்கமாக அரைச் சுற்று தளர்த்தினான். அவ்வளவுதான். அடுத்த பாட்டுக்கு அது கோயில் மணி மாதிரி சுத்தமாகப் பேசியது. அண்ணன் கீழே நின்று அதைக் கேட்டான். கச்சேரி முடிந்தபோது, நீயே வைத்துக்கொள் என்று அவனிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு எங்களோடு நடந்துவந்தான். மாஸ்டர் பின்னாலேயே வந்து, "மச்சான், அடுத்த மேடைக்குப் பாக்கலாம்" என்றார். அண்ணன் திரும்பவில்லை. அந்த மெத்தைத்துணி உறை ரொம்ப நாள் வீட்டில் கிடந்து, பிறகு அரிசி மூட்டைக்குக் கீழே விரிப்பாகி, அப்புறம் காணாமல் போனது.

ஆடியில் அண்ணன் கம்பெனியில் சேர்ந்தான். சம்மட்டி ஷாப்பிலேயே போட்டார்கள். இரண்டு பேரும் ஒரே ரயிலில் போவார்கள், வேறு வேறு பெட்டியில். ஒரே சட்டியிலிருந்து அம்மா இருவருக்கும் டிபன் கட்டினாலும் டப்பா தனித்தனி. சண்டை இல்லை. பேச்சும் இல்லை. "தண்ணி", "சாவி", "ஷிஃப்ட்டு" இவ்வளவுதான் அவர்களுக்குள் புழங்கிய தமிழ். அப்பா ரிடையராகி, கொஞ்ச நாள் ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்து, ஒரு மழைக்காலத்தில் போய்விட்டார். அண்ணன் முறைப்படி எல்லாம் செய்தான். அழவில்லை.

இப்போது அண்ணனும் ரிடையர். நூம்பலில் மகனுடைய ஃபிளாட்டில் இருக்கிறான். மகனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, நேரமில்லை. அதனால் அண்ணனைக் காது டெஸ்டுக்கு நான்தான் கூட்டிப்போனேன். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஸ்பீக்கரில் ஒவ்வொரு சத்தமாகக் கொடுத்தார்கள். தம், தம் என்ற கனத்த சத்தத்துக்கெல்லாம் டக்கென்று கையைத் தூக்கினான். கீச்சென்றும் ஜிர்ரென்றும் வந்ததற்குத் தேமேயென்று உட்கார்ந்திருந்தான். எனக்கு வெளியிலேயே கேட்டது.

பரிசோதித்த பெண் சின்ன வயசு, வேலை விவரம் எழுதிய அட்டையைப் பார்த்தாள். "ஐயா சம்மட்டி ஷாப்பா? அங்க இருந்தவங்களுக்கு இப்படித்தாங்க. அடிச்சத்தம் நல்லா கேக்கும். விசில், இரைச்சல், மெதுவாப் பேசுறது இதெல்லாம் போயிடும். போனதே அவங்களுக்குத் தெரியாது. எதிர்ல இருக்கிறவங்க வாயைப் பார்த்தே சமாளிச்சுடுவாங்க" என்றாள்.

தீய்ந்த பருப்பெல்லாம் மனசில் வந்தது. அந்த மனிதருக்கு வண்டுச் சத்தம் கேட்கவே இல்லை. அவர் கேட்டது மகனுடைய வாசிப்பில் சுத்தமான பாதியை மட்டும்தான். அது பிடித்துப்போய்த்தான் சிரித்திருக்கிறார். கல்லு மனுஷன் என்று எத்தனை வருடம் சொல்லியிருப்போம். அம்மாவும் அப்படியே நினைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டாள். கோபமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஃபிளாட்டுக்கு வந்ததும் அண்ணன் புதுக் காது மிஷினைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டான், குடைச்சலாம். அருகில் உட்கார்ந்து, பதமாகச் சொல்லவேண்டும் என்று மெதுவாகத்தான் ஆரம்பித்தேன்.

"என்னது?" என்றான்.

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.

"என்ன பாப்பா, சத்தமா சொல்லு."

"அப்பாவுக்குக் காது கேக்கலண்ணா! அந்த எரைச்சல் அவருக்குக் கேக்கவே இல்ல! அவர் வேணும்னு பண்ணல!" கத்தியே விட்டேன். எதிர்வீட்டுக் கதவு திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அண்ணன் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆச்சரியப்படவில்லை.

"தெரியும்" என்றான்.

"எப்ப?"

"ஷாப்புல சேர்ந்த ரெண்டாம் வருஷமே. அங்க எல்லாரும் அப்படித்தான். யாரும் வெளிய சொல்லிக்க மாட்டாங்க, மெடிக்கல்ல அன்ஃபிட்டுன்னு அனுப்பிச்சுடுவானேன்னு. எனக்கே போக ஆரம்பிச்சப்ப அப்பாவை நெனச்சேன்."

"தெரிஞ்சும் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியாண்ணா?"

"சொன்னேன். ஒரு நாள் அவர் சாப்பிட்டுக்கினு இருந்தாரு, அம்மா வெளிய போயிருந்தா. பக்கத்துல உக்காந்து, தட்டைப் பார்த்துக்கினே சொன்னேன். அன்னிக்கு அப்படிப் பேசினது தப்புப்பா, என்னை மன்னிச்சுடுன்னு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, 'ஆமாண்டா, மழை வர மாதிரிதான் கீது'ன்னாரு."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "இன்னொரு தரம் சத்தமா சொல்லியிருக்கலாமே" என்று அவன் காதருகே போய்ச் சொன்னேன்.

அண்ணன் மேஜைமேல் கிடந்த மிஷினைத் தள்ளிவைத்தான். பிறகு சொன்னான்:

"மன்னிப்பைக் கத்தியா பாப்பா கேக்க முடியும்?"